கீரை காட்டிக் கொடுத்த ஓம் விதி

எங்கள் வீடு சென்னையில், ஒரு குடியிருப்பின் தரைத்தளத்தில், பின்பக்கம் இருக்கிறது. மூன்று பக்கமும் சுவர். வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அம்மாவுக்கோ ஊரில் பாத்தி கட்டிக் கீரை போட்ட பழக்கம் இன்னும் விடவில்லை. “எலக்ட்ரிகல்தானே படிக்கிற? இதுக்கு ஒரு லைட்டு போட்டுக் குடுக்கக் கூடாதா?” என்றார். ஆரம்பித்துவிட்டேன். அதில் நான் செய்த தப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜூனியர்கள் அதையே செய்து வீட்டைக் கொளுத்திவிடக் கூடாது பாருங்கள்!

வாங்கியது 12 வோல்ட் வெள்ளை எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒரு ரோல். 5 மீட்டர் நீளம், மீட்டருக்கு 60 எல்.இ.டி., 14.4 வாட். கூடவே 12 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று. செடிக்கு ஊதா நிற வெளிச்சம்தான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் அதிகம் உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளை எல்.இ.டி. என்பதே நீல எல்.இ.டி.யின் மேல் பாஸ்பர் பூசியதுதானே! வெந்தயக்கீரைக்கு அது தாராளம்.

ரோலை 50 செ.மீ. துண்டுகளாகப் பத்தாக வெட்டி, ஒரு ப்ளைவுட் பலகையில் பாம்பு மாதிரி வளைத்து ஒட்டினேன். ஒன்றின் வால் அடுத்ததன் தலையோடு கிளிப் கனெக்டரில் சேரும். சப்ளை ஒரே முனையில். சுவிட்சைப் போட்டதும் பளிச்சென்று எரிந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

பத்து நாளில் கீரை கதையைச் சொல்லிவிட்டது. சப்ளை முனைப் பக்கம் குட்டையாக, கரும்பச்சையாக நின்றது. கடைசி முனைப் பக்கமோ வெளிறி, கழுத்து நீண்டு, சாய்ந்து கிடந்தது. மல்டிமீட்டரை வைத்தேன். தொடக்கத்தில் 12 வோல்ட், கடைசியில் 10.2. “15 சதவீதம்தானே குறைவு, அதற்கா இப்படி?” என்று குழம்பினேன். விடை முதலாமாண்டுப் பாடத்தில் இருந்தது.

ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.இ.டி.க்கு ஒரு தொகுதி. மூன்றும் தொடரில் சுமார் 9.3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 2.7 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழும். மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது அதுதான். முனையில் 10.2 வந்தால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 0.9. அதாவது மூன்றில் ஒரு பங்கு! மின்னோட்டம் குறையும்போது எல்.இ.டி.யின் மின்னழுத்தமும் கொஞ்சம் இறங்கும் என்பதால் உண்மையில் பாதியளவு ஓடும். ஆக 15 சதவீத இறக்கத்துக்குப் பாதி வெளிச்சம் போச்சு.

இதைச் சரிசெய்யலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அந்த ராத்திரி வந்தது. “டேய், ஏதோ தீயற வாசனை வருதுடா!” என்று அம்மா எழுப்பினார். சூட்டில் பசை இளகி ஒரு துண்டு கழன்று ஈரத் தென்னைநார்க் கழிவில் விழுந்து கிடக்கிறது. முதல் கிளிப் கனெக்டர் உருகி, பலகை அந்த இடத்தில் கருகியிருந்தது. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருந்தேன். ஆனால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 120 வாட்; ஒரு லூஸ் காண்டாக்டில் அதில் ஒரு பகுதி இறங்கினாலே பலகை பற்றிக்கொள்ளப் போதும். அன்றைக்கு ஃப்யூஸ்கூட போடவில்லை.

இரண்டாவது முறை, இரண்டு 2.5 சதுர மி.மீ. ஒயர்களைச் சட்டத்தின் ஓரமாக ஓட்டினேன். ஒவ்வொரு துண்டுக்கும் அதிலிருந்து தனித்தனியே சிறு ஒயரில் இணைப்பு, எல்லாம் பேரலல். துண்டுக்கு 0.6 ஆம்பியர், மொத்தம் 6. கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு 25 வாட் சால்டரிங் அயர்னில் பற்றவைத்தேன். 12 வோல்ட் பக்கம் 10 ஆம்பியர் ஃப்யூஸ். எஸ்.எம்.பி.எஸ். செடியிலிருந்து தள்ளி, மூடிய பெட்டியில். 230 வோல்ட் முனைகளில் ஈரக்கை படவே கூடாது.

ப்ளைவுட்டுக்குப் பதில் 50 x 30 செ.மீ. அலுமினியத் தகடு. வெப்பத்தைக் கடத்துவதில் மரத்தைவிட அலுமினியம் ஆயிரம் மடங்குக்கு மேல். ஒரு எச்சரிக்கை: துண்டுகளின் வெட்டு முனையில் செம்பு வெளியே தெரியும், தகட்டில் பட்டால் ஷார்ட். அடியில் இன்சுலேஷன் டேப் வையுங்கள். தகட்டை எர்த் செய்யுங்கள். பசையை நம்பாமல் முனைகளை டையால் கட்டுங்கள்.

ப்ளைவுட்டில் ஸ்ட்ரிப் 78 டிகிரி காட்டியது. தகட்டில், அறை வெப்பம் 32 இருக்கும்போது, 61. இன்னும் அதிகம்தான். காரணம், பளபளக்கும் அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் கெட்டி, கதிர்வீச்சாக வெளியே விடுவதில் மகா கஞ்சன். முதுகுப் பக்கம் மேட் பெயின்ட் அடித்தேன், 53க்கு இறங்கியது. கருப்புதான் வேண்டும் என்றில்லை, எந்த நிறமானாலும் அகச்சிவப்புக்கு ஒன்றுதான். பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் ஃபேன் ஒன்றை மேலே வைத்தபோது 43. ஆனால் ஃபேன் நின்றாலும் 53ஐத் தாண்டாது என்பதால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது!

தட்டுக்கு மேல் 15 செ.மீ. உயரத்தில் தொங்குகிறது. டைமரில் ஒரு நாளைக்கு 14 மணி நேரம்; எஸ்.எம்.பி.எஸ். இழப்பையும் சேர்த்தால் தினம் 1.2 யூனிட் ஆகும். அப்பா கரண்ட் பில்லைக் காட்டி முணுமுணுத்தார்; வெந்தயக்கீரைச் சப்பாத்தி வந்த அன்று பேச்சைக் காணோம். இப்போது மிளகாய் விதையும் போட்டிருக்கிறார் அம்மா. சர்க்யூட் படம் வேண்டுவோர் மதியம் எலக்ட்ரிகல் லேபுக்கு வாருங்கள், கருகிய கனெக்டரையும் காட்டுகிறேன்.