மாணாக்கர் பண்ணைக்கு ஏற்ற மாட்டுக் கொட்டில்

1868-இல் சைதாப்பேட்டையில் தோன்றி 1906-இல் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்ட விவசாயப் பள்ளியின் காலமுதல், நம் நாட்டு விவசாயக் கல்வியில் பண்ணை வேலையும் ஒரு பாடமாகவே இருந்து வருகிறது. இராணிப்பேட்டை மாவட்டத்துக் கலவையிலும் ஆதிபராசக்தி வேளாண்மைக் கல்லூரி நடைபெறுகிறது. அப்பக்கத்தில் மாணாக்கர் தாமே நடத்தக்கூடிய பண்ணைக்குக் கொட்டில் அமைக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

குடியானவர் தொழுவத்தை ஒரே குடும்பம் பல்லாண்டு பேணுகிறது. கல்விப் பண்ணையிலோ ஆண்டுதோறும் ஆட்கள் மாறுவர். ஆகையால் எவருடைய ஞாபகத்தையும் நம்பாமல், கட்டட அமைப்பே வேலையை ஒழுங்காய் நடத்துமாறு திட்டமிடல் அவசியம்.

இடமும் அளவும்.— கொட்டில் மேட்டு நிலத்தில், நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமையவேண்டும். பசு ஒன்றுக்குக் கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டரும், திறந்த முற்றத்தில் 7 சதுர மீட்டரும் தேவை. 10 பசுக்களுக்கு முறையே 35, 70 சதுர மீட்டராகும். முற்றத்தில் வேம்பும் புங்கமும் நட்டால் கோடையில் நிழல் கிடைக்கும்.

தரை.— மாடு வெளிப்படுத்தும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி மூத்திரத்திலேயே உள்ளது. மண் தரையில் அது வீணாகிறது. எனவே வழுக்காத சொரசொரப்பான தளம் அமைத்து, 40 அடிக்கு 1 அடி வீதம் சாய்வு கொடுத்து, சாக்கடை வழியாய் நிழலிலுள்ள செங்கல் தொட்டியில் மூத்திரத்தைச் சேர்க்கவேண்டும். அதை எருக்குழியிலுள்ள குப்பைமேல் ஊற்றிவரலாம். 10 பசுக்கள் நாளொன்றுக்குச் சுமார் 100 கிலோ சாணம் இடும். அதில் பாதியைக் கொண்டே 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலம் ஒன்றை நடத்தலாம். கலத்தினின்று வெளிவரும் சாணக் கரைசலும் நல்ல எருவே.

கூரையும் நீரும்.— ஓலைக் கூரை குளிர்ச்சியானதே. எனினும் அடிக்கடி மாற்றவேண்டும், தீப்பற்றும் அபாயமும் உண்டு. ஓட்டுக் கூரையினின்று மழைநீரையும் சேமிக்கலாம். தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் பாலாற்றுப் பக்கத்தில் பல கிணறுகள் கெட்டன. 1996-இல் உச்ச நீதிமன்றம் இதுபற்றித் தீர்ப்பும் அளித்தது. கலவை பாலாற்றுக்குத் தெற்கே விலகியிருப்பினும், கிணற்று நீரைப் பரிசோதித்த பின்னரே மாடுகளுக்குக் கொடுத்தல் நலம். பசுவுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் எனக் கொண்டால், 10 பசுக்களுக்கு 30 நாளைக்கு 12,000 லிட்டர் வேண்டும். தாழ்வாரம் உட்பட 60 சதுர மீட்டர் கூரையில் 20 செ.மீ. மழை பெய்தால் அவ்வளவு நீர் விழும். சேதாரத்தை உத்தேசித்து 25 செ.மீ. எனக் கணக்கிடுக. முதல் மழைநீரைத் தொட்டியில் விடலாகாது.

தோல்.— ஆணி, தகரத்தின் கூர்முனை, முட்கம்பி ஆகியவற்றால் ஏற்படும் கீறலும், உண்ணிக் கடியின் வடுவும் தோலின் மதிப்பைக் குறைக்கும். பதனிட்ட பின்னரே இக்குற்றங்கள் தெளிவாய்ப் புலப்படும். தோல் வியாபாரம் மிகுந்த இப்பிரதேசத்தில் கம்பங்களையும் தடுப்புகளையும் முனை மழுக்கி அமைத்தல் வேண்டும். உண்ணிகள் ஒளியாதபடி சுவர் வெடிப்புகளைப் பூசிவிடுக.

கணக்கு.— நீர்த்தொட்டியிலும் மூத்திரத் தொட்டியிலும் அளவுக் கோடுகள் பொறித்து, சாணம் நிறுக்கத் தராசு ஒன்றும் வைத்து, நாள்தோறும் பதிவு செய்யவேண்டும். அப்பதிவேட்டை அடுத்த வகுப்பாரிடம் ஒப்புவித்தால், சாக்கடை அடைப்பும் தொட்டிக் கசிவும் எண்களிலேயே வெளிப்படும். புதிதாய் வருவோர் அவற்றைத் தாமதமின்றிச் சீர்ப்படுத்தக்கூடும். பசுக்களின் தொகை குறைவாயின், இவ்வளவுகளை அதற்கேற்பக் குறைத்துக்கொள்க.