சங்கன் மகன் நட்ட கல்: ஏறுதழுவிய வீரனின் பெயர் நின்ற இடங்கள்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்த நம்மில் பலர் ஜல்லிக்கட்டை முதன்முதலில் கண்டது சினிமாச் சுவரொட்டியில்தான். தாத்தா தலைமுறைக்கு 'தாய்க்குப் பின் தாரம்' (1956), அப்பா தலைமுறைக்கு 'முரட்டுக்காளை' (1980), நமக்கு 'விருமாண்டி' (2004). மூன்றிலும் காளையை அடக்கியவர் நடிகர். பெரிய எழுத்தில் நின்றதும் அவர் பெயரே. உண்மையில் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கியவனின் பெயர் எங்கே எழுதப்பட்டது? இக்கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றதன் பயனே இக்கட்டுரை.

இலக்கியத்திலிருந்து தொடங்குவோம். கலித்தொகையின் முல்லைக்கலியைப் பாடியவர் சோழன் நல்லுருத்திரன். ஏறுதழுவுதலை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் சங்கப் பாடல்கள் வேறில்லை எனலாம். காளைகளின் நிறம், கொம்பின் சீவல், தொழுவில் எழும் தூசி, குருதி என எல்லாம் கண்முன் வருகின்றன. கொம்புக்கு அஞ்சுபவனை ஆயமகள் மறுபிறப்பிலும் விரும்பமாட்டாள் என்று கூடச் சொல்லப்படுகிறது. ஆனால் தழுவிய பொதுவன் எவனுக்கும் பெயர் இல்லை. காரணம் எளிது. கலித்தொகை அகநூல். அகத்திணையில் தலைமக்களைப் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய மரபு. ஆகவே வீரம் பாடப்பட்டது, வீரன் பெயரிழந்தான்.

பெயர் வேண்டுமானால் புறத்திற்கு வரவேண்டும். புறத்தில் அதற்கு இடம் தந்தது நடுகல். கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்த கற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனைத் தமிழ்பிராமி எழுத்தில் குறிக்கிறது. அது மாடு கவர்ந்த பூசல். விளையாட்டில் மாட்டோடு மோதியவனுக்கும் கல் உண்டா?

உண்டு. சேலம் அரசு அருங்காட்சியகத்தில் கருவந்துறை நடுகல் இருக்கிறது. ஏறத்தாழ 400 ஆண்டுகள் பழமையானது எனக் கருதப்படும் அக்கல்லில் ஒருவன் காளையோடு பொருதும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. எழுத்தும் உண்டு. சங்கன் என்பவன் கருவந்துறையிலே எருதோடு விளையாடி இறந்தான். அவன் மகன் பெரிய பயல் இக்கல்லை நட்டான் என்பது அதன் செய்தி. இவ்வளவுதான். அரசன் பெயர் இல்லை, பட்டம் இல்லை, புகழ்மொழி இல்லை. எங்கே, எப்படி இறந்தான், யார் கல் நட்டது என்ற மூன்று செய்திகள் மட்டும். சங்கன் அன்று வென்றானா என்பதைக் கல் சொல்லவில்லை. மகனுக்கு அது தேவைப்படவில்லை போலும்.

இனி மதுரைப் பக்கச் சுவர்களுக்கு வருவோம். பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். அதிகக் காளைகளைப் பிடித்தவர் சிறந்த மாடுபிடி வீரர். அவருக்குக் கார் பரிசளிக்கும் அளவுக்கு இன்று நிலை வளர்ந்துவிட்டது. பிடிபடாமல் நின்று விளையாடிய காளைக்கும் தனிப் பரிசு உண்டு. பரிசு பெற்றவரின் ஊரில் மறுநாளே பதாகை எழும். முன்பு தாளில் அச்சிட்டு ஒட்டிய சுவரொட்டி, இப்போது கணினியில் வடிவமைக்கும் பிளக்ஸ். பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் வரும். களத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பவரும் அப்படித்தான் அழைப்பார். வீரனின் வெற்றி ஊரின் வெற்றி என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அடியில் 'இவண்' என்று போட்டு நண்பர்கள், உறவினர் பெயர்ப்பட்டியல். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய பயலும் தன் பெயரைக் கல்லில் பொறித்துத்தானே சென்றான்!

என் குறை வேறு. பல பதாகைகளில் கட்சித் தலைவர்களும் சாதித் தலைவர்களும் மேலே நிறைந்துகொள்ள, காளையை அணைத்தவன் ஓரத்தில் சிறுத்துப் போகிறான். படத்தில் காளைக்குக் கிடைக்கும் இடம்கூட அவனுக்குக் கிடைப்பதில்லை. (காளையும் அதற்குத் தகுதியுடையதே. கோயில்காளை இறந்தால் மாலையிட்டு, ஊர்வலமாக எடுத்துச் சென்று, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டும் ஊர்கள் அவை.)

2014 மே மாதம் இந்திய உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட கூட்டமும் அதைத் தொடர்ந்த சட்டத் திருத்தமும் நாம் அறிந்தவை. 2023 மே 18 அன்று அத்திருத்தம் செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போராட்டக் காலத்துப் படங்களில் காளை தமிழரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மாடுபிடிப்பவன் மீண்டும் பெயரில்லாத உருவமானான், முல்லைக்கலியில் இருந்ததைப் போல.

கனடாவின் கால்கரி நகரில் 1912-இல் தொடங்கிய 'ஸ்டாம்பீட்' என்னும் ரோடியோ விழாவை இங்கு ஒப்புநோக்கலாம். அவ்விழாவின் சுவரொட்டிகளை இன்றும் சேகரித்துப் போற்றுகின்றனர். முதல் ஆண்டில் முரட்டுக் குதிரையேற்றத்தில் வென்றவர் டாம் த்ரீ பெர்சன்ஸ் என்ற கைனாய்ப் பழங்குடியினர். அவர் அடக்கிய குதிரையின் பெயர் சைக்ளோன். நூறாண்டு கடந்தும் இரண்டு பெயர்களும் சேர்ந்தே சொல்லப்படுகின்றன. ரோடியோவில் 8 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். மதிப்பெண்ணில் பாதி ஏறியவனுக்கு, பாதி விலங்குக்கு. நினைவிலும் அந்தப் பங்கீடு காக்கப்பட்டிருப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

நம் தோட்டங்களுக்கு வருவோம். இங்கே வாடிவாசல் இல்லை. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்ததோடு சரி. செம்பனை வந்து, மாட்டுக்கொட்டகைகளும் குறைந்தபின் அதுவும் அருகியது. ஆனால் வீரர்கள் இல்லாமல் இல்லை. தோட்டங்களுக்கிடையிலான காற்பந்து, சடுகுடு, திருவிழாச் சிலம்பம் ஆகியவற்றில் வென்றவர்களைப் பெரியவர்கள் இன்றும் "லிங்கி பக்கத்து ஆள்", "பகாவ் தோட்டத்துக் கோல்கீப்பர்" என்று ஊரோடு சேர்த்தே சொல்கிறார்கள். அவர்களுக்குச் சுவரொட்டி அடித்தவர் இல்லை. 'தமிழ் நேசன்' ஓரத்தில் வந்த ஒரு படம், மன்றத்துச் சுவரில் தொங்கிய கேடயப் படம், இவையே அவர்களின் நடுகல். 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றது. மன்றங்கள் பல, தோட்டம் துண்டாடப்பட்டபோதே போயின. கல்லை நகர்த்த நாலு பேர் வேண்டும். சட்டம் போட்ட படத்தை ஒருவரே குப்பையில் போட்டுவிடலாம்.

எங்கள் தோட்டத்து மன்றப் படம் ஒன்று ஒரு வீட்டுப் பரணில் தப்பியிருந்தது. காற்பந்துக் குழு, நடுவில் கேடயம், கீழே ஆண்டு மட்டும், பெயர்கள் இல்லை. கடந்த தீபாவளி விடுமுறையில் அதைப் படியெடுத்துக்கொண்டு, தோட்டத்தை விட்டு சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் குடிபெயர்ந்த பெரியவர்களிடம் காட்டினேன். "தம்பி, இவன் காலைப் பார்த்தாலே தெரியாதா?" என்று ஒரு பெரியவர் முகத்தைப் பார்க்காமலே ஒருவரை அடையாளம் சொன்னார். 11 பேரில் 9 பேரின் பெயர் கிடைத்தது. யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்பதையும் சேர்த்துப் படத்தின் பின்புறம் எழுதிவைத்துள்ளேன். மீதி இருவரில் ஒருவர் பகாவ் பக்கம் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டாராம். அடுத்த விடுமுறையில் அங்கே போகவேண்டும்.