அவசரச் செலவுக்கு எவ்வளவு சேமிக்கலாம்?

கேள்வி: கணவர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட் டெய்லர். மாதம் 24,000 ரூபாய் செலவாகிறது. அவசரத்துக்கென்று எவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும்?
- வாசகி, திருப்பூர்

பதில்: நிறுத்தவே முடியாத செலவை மட்டும் கூட்டிப் பாருங்கள் சகோதரி. வாடகை, மளிகை, பால், கேஸ், கரண்ட் பில், பள்ளிக் கட்டணம், மாமியாருக்கு மாத்திரை என்றால் அதையும், குழுக்கடன் தவணையையும் விடாதீர்கள். துணிமணி, ஊர்ப் பயணத்தைக் கழித்தால் 18,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்வோம்.

இருவருக்கும் நிரந்தர வேலை உள்ள வீட்டுக்கு மூன்று மாதச் செலவு போதும். உங்கள் வீட்டில் ஒரே சம்பாத்தியம், அதுவும் ஆர்டர் குறைந்தால் குறைந்துவிடும். ஆறு மாதத்துக்கு 1,08,000 ரூபாய் தேவை.

மலைக்க வேண்டாம். முதலில் ஒரு மாதச் செலவைச் சேருங்கள். வங்கியில் மாதம் 1,500 ரூபாய் ஆர்.டி. போட்டால் ஓராண்டில் 18,000 ரூபாய் வட்டியோடு வரும். தீபாவளி போனஸில் பாதியையும் இந்தச் சேமிப்போடு சேருங்கள். இந்தப் பணத்தை நகையாக்காதீர்கள். செய்கூலி, சேதாரம் திரும்பி வராது. ஏலச்சீட்டும் வேண்டாம், அவசரம் வரும் மாதத்தில் சீட்டு உங்களுக்கு விழும் என்பதற்கு என்ன உறுதி?

கணவருக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று இந்த வாரமே கேளுங்கள். பிடித்தால் குடும்பத்துக்கும் அதில் சிகிச்சை உண்டு. உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் அதில் பதிவாகியிருக்க வேண்டும்.