கைத்திறனின் விலை

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

படித்தவன் நாற்காலியில் அமர வேண்டும், படிக்காதவன் கையால் உழைக்க வேண்டும் என்ற எண்ணம் நம் தஞ்சைத் தரணியில் நெடுங்காலமாக ஊறிப்போன ஒன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அந்த எண்ணம் என்னிடமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. சென்ற கோடையில் என் தம்பி ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டுத் தரச் சொன்னபோது, இன்று நாளை என்று கடத்தியவன் நானே. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போய் எங்களை வளர்த்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அச்சமயத்தில்தான் சுவாமிமலையில் ஒரு சிலைப் பட்டறையில் பகல் முழுவதும் நிற்கும் வாய்ப்புக் கிட்டியது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி அதில் உருவத்தைச் செய்கிறார்கள். அளவுகோல் எது தெரியுமா? தென்னை ஓலை! படிமத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்தே முகம், மார்பு, கால் அளவுகளைக் குறிக்கிறார்கள். மெழுகின்மேல் காவிரி வண்டலைப் பூசுகிறார்கள். மாவு போன்ற இம்மண் நகக்கண்ணின் கோட்டைக்கூட வாங்கிக்கொள்ளும். பிறகு கனமான மண் பூச்சு, கம்பிக் கட்டு. உலர்ந்தபின் வரட்டித் தீயில் சுட, மெழுகு உருகி வெளியேறுகிறது. அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்குகிறது.

மெழுகின் எடைக்கு எத்தனை பங்கு உலோகம் என்று கேட்டேன். “எட்டு, ஒன்பது பங்கு தம்பி” என்றார் ஒரு பெரியவர், தலை நிமிராமலே. மெழுகின் அடர்த்தி தண்ணீரினும் சற்றுக் குறைவு. உலோகக் கலவையினுடையது 8.5க்கு மேல். ஆய்வகத்தில் நாம் அடர்த்திக் குப்பியோடு மல்லாடிப் பெறும் விடை அவர் நாவில் இருந்தது! அச்சை ஏன் சூடாக்குகிறீர்கள் என்றதற்கு, “ஈரம் இருந்தா வெடிச்சிடும்; ஆறிப்போனா விரல் நுனி வரைக்கும் ஓடாது” என்றார்.

2023 செப்டம்பரில் ஜி-20 மாநாடு நடந்த புதுடில்லி பாரத் மண்டபத்தின் முன் நிற்கும் 27 அடி நடராசர் இவ்வூர் ஸ்தபதிகளின் படைப்பே. எட்டு உலோகக் கலவை. எடை ஏறத்தாழ 18 டன். அதை வடித்தவர்களுள் ஒருவரான ராதாகிருஷ்ணன் ஸ்தபதிக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சியே. ஆனால் அரம் போட்டுப் பிசிறு நீக்கும் கூலியாளின் பெயரை எவர் கேட்கிறார்?

தேவைக்கோ குறைவில்லை. முதியோர் பெருகிய ஜப்பான் 2019இல் திறன் தொழிலாளர்க்கெனத் தனி விசாவே ஏற்படுத்தியது. 2020இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியச் சட்டம், பட்டதாரியையும் தொழிற்பயிற்சி முடித்தவரையும் திறனாளர் என்ற ஒரே சொல்லில் அடக்கியது. நம் ஊர்க் கல்யாண வீட்டுப் பந்தியில் அச்சட்டம் இன்னும் அமலாகவில்லை!

எங்கள் மாமா மகன் சிங்கப்பூரில் குழாய் வெல்டர். முகவருக்குக் கட்டிய பணத்தின் கடன் அடையவே இரண்டாண்டாயிற்று. அவர் எழுதிய தேர்வுக்கு 6ஜி என்று பெயர். குழாயை 45 பாகை சாய்த்துப் பொருத்திவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். பற்றவைப்பை ஊடுகதிர்ப் படம் எடுத்தும் பார்ப்பதுண்டு. நாம் 40 மதிப்பெண்ணில் தேறிவிடுகிறோம்; நாற்பது விழுக்காடு ஒட்டிய குழாயில் எரிவாயுவை விட முடியுமா?

சுவாமிமலையிலிருந்து திரும்பிய இரவே விண்ணப்பத்தை அனுப்பினேன். தம்பி இப்போது பயிற்சியில் இருக்கிறான். கண் கூசும் நாட்களில் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இமைமேல் வைத்துக்கொண்டு படுக்கிறான். அவன் முதன்முதலாகப் பற்றவைத்த முக்காலி ஒரு பக்கம் ஆடும். அப்பா அதில்தான் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்.