ஆமை ஏன் வெயில் காய்கிறது?

குளத்து நடுவே நிற்கும் பாறையின்மீது ஆமைகள் ஏறிக் கழுத்தை நீட்டி, பின்னங்கால்களைப் பரப்பிக்கொண்டு அசையாமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'என்ன சோம்பேறித்தனம்!' என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஆமை அப்போது சும்மா இருக்கவில்லை. உண்ட உணவைச் செரித்துக்கொண்டும் எலும்புக்கு வேண்டிய சத்தைத் தயாரித்துக்கொண்டும் இருக்கிறது. இந்த வேலைக்கு இடம் தராமல் ஆமையைக் கண்ணாடித் தொட்டியில் அடைத்து வைத்தால் என்ன ஆகும்? விடை காண்பதற்கு முன், தொட்டிகளில் பெரும்பாலும் காணப்படும் ஆமையைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

அதன் பெயர் சிவப்புச் செவி ஆமை. கண்ணுக்குப் பின்னால் செந்நிறப் பட்டை ஒன்று இருப்பதால் இப்பெயர் வந்தது. அமெரிக்காவின் மிசிசிபி ஆற்றுச் சமவெளி இதன் தாயகம். குஞ்சாக இருக்கையில் இதன் ஓடு 3 செ.மீ. நீளமே இருக்கும். பெண் ஆமை வளர்ந்தால் 25 செ.மீ.-ஐயும் தாண்டும். 20 ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழக்கூடியது. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சை வாங்குகிறவர்களில் பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓடு என்பது எலும்பே

ஆமை தன் ஓட்டை விட்டு வெளியே வருவதுபோல் கேலிச்சித்திரங்களில் காட்டுவார்கள். அது நடக்காத காரியம். ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று, ஒன்றோடொன்று இணைந்துதான் மேலோடு உருவாகியிருக்கிறது. நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் பொருளாலான தகடுகள் அதன் மேல் போர்த்தியிருக்கின்றன. ஆகவே ஓடு உறுதியாக இருக்க வேண்டுமானால், எலும்புக்கு வேண்டிய கால்சியம் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

வெப்பமும் ஒளியும்

ஆமை ஊர்வன வகுப்பைச் சேர்ந்தது. நம்மைப்போல் உடலுக்குள்ளேயே போதிய வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. சுற்றுப்புறம் குளிர்ந்தால் அதன் உடலும் குளிரும். செரிமான நொதிகளின் வேகமும் குறையும். வயிறு நிறையத் தின்ற ஆமை குளிர்ந்த நீரிலேயே கிடந்தால், உணவு செரிக்காமல் தங்கிவிடும். அதனால்தான் அது கரையேறுகிறது. நீர் 24° முதல் 28° செல்சியஸ் வரையிலும், வெயில் காயும் இடம் 30° முதல் 35° வரையிலும் இருப்பது இதற்கு ஏற்றது. உடல் சூடேறியதும் நீருக்குள் இறங்கும், மீண்டும் ஏறும். ஓடும் தோலும் நன்றாக உலர்வதால் பூஞ்சைகளும் எளிதில் பற்றுவதில்லை.

இது வெப்பத்தின் பயன். ஒளிக்கு என்ன வேலை?

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. அவற்றில் 'பி' வகைக் கதிர், தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளை வைட்டமின் டி-யின் முன்னோடிப் பொருளாக மாற்றுகிறது. அந்த முன்னோடி, உடல் வெப்பத்தால் வைட்டமின் டி3 ஆகிறது. முதற்படிக்கு ஒளியும் இரண்டாம் படிக்கு வெப்பமும் தேவைப்படுவதைக் கவனியுங்கள்! வெயிலில் சூடேறிய பாறையில் இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் நன்கு உறிஞ்சுவதற்கு வைட்டமின் டி வேண்டும். அது குறைந்தால் இரத்தத்தில் கால்சியத்தின் அளவு குறையும். தசையும் நரம்பும் இயங்கக் கால்சியம் இன்றியமையாதது. எனவே உடல் அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆமைக்கு ஓடும் எலும்புதானே? ஓடு மென்மையாகிறது, வளைந்து கோணலாகிறது, கால்கள் வலுவிழக்கின்றன. ஆமை நோயைக் காட்டுவதும் ஆமை வேகத்தில்தான். ஓடு மெத்தென்றிருப்பது நம் விரலுக்குத் தெரிவதற்குள் பல மாதங்கள் கடந்திருக்கும்.

'எங்கள் தொட்டி சன்னலோரம்தான் இருக்கிறது' என்று சிலர் சொல்லலாம். சாதாரண சன்னல் கண்ணாடி, 'பி' வகைப் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அங்கே சூடு கிடைக்கும், வைட்டமின் கிடைக்காது. சாதாரண மின்விளக்கும் அப்படியே. இதற்கெனச் செய்யப்பட்ட புற ஊதா விளக்கு வேண்டும். இல்லையேல் கண்ணாடித் தடையில்லாத இளவெயில் வேண்டும். ஆனால் தொட்டியை அப்படியே உச்சிவெயிலில் வைத்துவிடக் கூடாது. ஒதுங்க நிழலின்றி, நீர் கொதிப்பேறினால் ஆமை இறந்துவிடும். வெயிலும் நிழலும் இரண்டும் இருக்க வேண்டும். எது வேண்டும் என்பதை ஆமை முடிவு செய்துகொள்ளும்.

உணவு

குஞ்சுகள் பெரும்பாலும் புழு, பூச்சி, சிறு மீன்களைத் தின்னும். வளர வளரச் செடி உணவு அதிகமாகும். இறைச்சித் துண்டுகளை மட்டும் போடுவது தவறு. சதையில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல் உள்ளது. ஆமைக்கோ பாஸ்பரஸ் ஒரு பங்கென்றால் கால்சியம் ஏறத்தாழ இரு பங்கு வேண்டும். முள்ளோடு கூடிய சிறு மீனைக் கொடுத்தால் முள்ளிலுள்ள கால்சியமும் சேரும். கணவாய் மீனின் ஓட்டை நீரில் மிதக்கவிட்டால் ஆமை அதைக் கொறிக்கும். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே.

காய்ந்த இறாலை மட்டும் தின்று வளரும் ஆமைக்கு வைட்டமின் ஏ குறைந்து, இமைகள் வீங்கி மூடிக்கொள்ளும். கண் தெரியாத ஆமை இரை எடுக்காது. இதனால் குறை இன்னும் கூடும். இந்நிலையில் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே வழி. கேரட் துருவலும், வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளும், ஆமைகளுக்கென விற்கும் குச்சி உணவும் இக்குறை வராமல் காக்கும். பாலக்கீரையை அன்றாட உணவாக்க வேண்டாம். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும்.

ஒரு வேளைக்கு ஆமையின் தலையளவு குச்சி உணவு போதும். குஞ்சுக்கு நாள்தோறும், வளர்ந்த ஆமைக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். இந்த ஆமை இரையை நீருக்குள்தான் விழுங்கும். தரையில் வைத்தால் திண்டாடும். மிச்சத்தை உடனே அகற்றிவிட வேண்டும்.

கையைக் கழுவுங்கள்; குளத்தில் விடாதீர்கள்

நலமாகத் தோன்றும் ஆமையின் உடலிலும் சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா இருக்கலாம். குழந்தைகளுக்கு நோய் பரவியதால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது. ஆமையையோ தொட்டி நீரையோ தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஆமை பெரிதாகிவிட்டது என்று குளத்தில் விடுவது பெருந்தீங்கு. ஐரோப்பியக் குள ஆமைகளுடன் இவற்றைச் சேர்த்து வைத்துப் பிரான்சில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2003-இல் வெளியாயிற்று. வெயில் காய்வதற்கு நல்ல இடங்களை வந்தேறிகள் பிடித்துக்கொள்ள, உள்ளூர் ஆமைகள் மட்டமான இடங்களுக்கு ஒதுங்கின. வெயில் காயும் இடத்தை இழப்பது ஆமைக்கு எத்தகைய இழப்பு என்பது இப்போது உங்களுக்கே புரியும். நம் குளங்களில் வாழும் பாலாமையையும், நட்சத்திர ஆமையையும் பிடித்து வளர்ப்பதோ, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றம். அவற்றைக் கண்டால் பார்த்து மகிழ்ந்து விட்டுவிடுங்கள்.

செய்து பாருங்கள்

சமைத்த கோழிக் கால் எலும்பு ஒன்றைச் சுத்தம் செய்து, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்து வளைத்துப் பாருங்கள். வினிகரிலுள்ள அமிலம் கால்சியம் உப்புகளைக் கரைத்துவிட்டதால் எலும்பு ரப்பர்போல் வளையும். வெயிலும் சரியான உணவும் கிடைக்காத ஆமையின் ஓட்டிலிருந்தும் இதே கால்சியம்தான் மெல்ல மெல்ல வெளியேறுகிறது.