பிக்கப் வாங்கும் முன் ஒரு கழித்தல் கணக்கு

புளியங்குடியில "பிக்கப் எடுக்கப் போறேன்"னு யார்கிட்ட சொன்னாலும் வர்ற முதல் கேள்வி, "எத்தனை டன் அடிக்கும்?" எலுமிச்சை மார்க்கெட் இருக்கிற ஊர்ல இந்தக் கேள்வி நியாயம்தான். ஆனா அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி வண்டி எடுத்தா தவணைப் பணமும் போகும், மலை இறக்கத்துல உயிருக்கும் ஆபத்து. முதல் வருஷ மெக்கானிக்ஸ் ஞாபகம் இருந்தா போதும், எந்த டிபார்ட்மென்ட் ஆளும் இந்தக் கணக்கைப் போடலாம்.

ஆர்.சி.யில் இருக்கும் ரெண்டு எண்

ஆர்.சி.யில காலி எடை, மொத்த எடைன்னு ரெண்டு இருக்கும். மொத்த எடைங்கிறது வண்டி, சரக்கு, ஆள் எல்லாம் சேர்ந்த உச்சவரம்பு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் நம்ம கையில இருக்கிற பட்ஜெட். எதை ஏத்தினாலும் அதுல இருந்துதான் கழியும்.

ஒரு உதாரணம். மொத்த எடை 2,990 கிலோ, காலி எடை 1,690 கிலோன்னு வச்சுக்குவோம்.

- பட்ஜெட்: 1,300 கிலோ
- டிரைவரும் கூட ஒரு ஆளும்: 140 கிலோ
- இரும்புக் கூண்டு, தார்ப்பாய், கயிறு: 120 கிலோ
- மிச்சம்: 1,040 கிலோ

மூட்டை 50 கிலோன்னா 20 மூட்டை. "இன்னும் பத்து போடுண்ணே, தாங்கும்"னு 30 மூட்டை ஏத்தினா வண்டி மொத்தம் 3,450 கிலோ. வரம்பைவிட 460 கிலோ, அதாவது 15 சதவீதம் அதிகம். பிடிபட்டா மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய்ல தொடங்குது. அதிகமான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000 ரூபாய். பத்து மூட்டைக்குக் கிடைக்கிற வாடகையை இதோட ஒப்பிட்டுப் பாருங்க.

"கூடுதலா ஒரு பட்டை போட்டா சரியாயிடும்"

ஆகாது. ஸ்பிரிங் பட்டை கூட்டினா வண்டி பின்னாடி தொங்காது, அவ்வளவுதான். பிரேக், டயர், ஆக்சில், பேரிங் எல்லாம் பழையதுதான். உண்மையில தொங்குறது ஒரு எச்சரிக்கை. பட்டை போட்டு அந்த எச்சரிக்கையை மறைச்சுடுறோம்.

இறக்கத்துல என்ன நடக்குது

நம்ம ஊர் வழியா போற திருமங்கலம் – கொல்லம் சாலையில செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலைன்னு கேரளாவுக்குள்ள இறங்கணும். 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிவர்ற ஆற்றலையும், 60 கி.மீ. வேகத்துல ஓடுற அதே வண்டியோட இயக்க ஆற்றலையும் வகுத்துப் பாருங்க. ஏறத்தாழ 7 வரும். அதாவது, வேகம் கூடாம இருக்க பிரேக்கை மட்டும் நம்பி 100 மீட்டர் இறங்கினா, 60-ல இருந்து ஏழு தடவை முழுசா நிறுத்தின சூடு பிரேக்குல ஏறும். ஓவர்லோடுன்னா அந்தச் சூடும் அதே விகிதத்துல கூடும். சூடு ஏற ஏற லைனிங்கோட பிடிப்பு குறையும். பெடலை மிதிச்சாலும் வண்டி நிக்காது.

அதனாலதான் அனுபவசாலி டிரைவர் அண்ணன்கள் "எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு"ன்னு சொல்றாங்க. அந்த ஆற்றல்ல ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்குது.

எடை எங்க உட்காருது

எடை எவ்வளவுங்கிறது பாதிக் கேள்வி. எங்கங்கிறது மீதி. வீல்பேஸ் 3 மீட்டர். பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால 150 கிலோ வைக்கிறீங்க. மொமென்ட் எடுத்தா முன் ஆக்சில்ல 50 கிலோ குறையும், பின் ஆக்சில்ல 200 கிலோ கூடும். ஸ்டியரிங் லேசாகும், வளைவுல முன் டயர் சொன்ன பேச்சு கேக்காது. கனமானதை எப்பவும் பின் ஆக்சிலுக்கு முன்னால, கேபினை ஒட்டி, கீழே வைங்க.

டிரெய்லர் இழுக்குறதும் இதே கணக்குதான். அமெரிக்காவுல ஃபோர்டு எஃப்-150 மாதிரி வண்டிகள் 5 டன்னுக்கு மேல இழுக்கும்னு விளம்பரம் பண்றாங்க. ஆனா டிரெய்லர் எடையில 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல உட்காரணும். அதைவிடக் குறைஞ்சா டிரெய்லர் வாலாட்டும். 1,000 கிலோ டிரெய்லர்னா கொக்கி மேல 100 முதல் 150 கிலோ. அதுவும் பேலோடு பட்ஜெட்ல இருந்துதான் கழியும். இழுவைத் திறன் தீர்றதுக்கு முன்னாடியே பேலோடு தீர்ந்துடும்.

எந்த வண்டி? என்ன மாட்டலாம்?

ஊருக்குள்ள, தோட்டத்துல இருந்து மார்க்கெட்டுக்கு மட்டும்னா, 2005-ல வந்த டாடா ஏஸ், நம்ம "சின்ன யானை", போதும். ஒரு டன்னுக்கு மேல, தொலைதூரம்னா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் வகை. ஆளும் சாமானும் சேர்ந்து காடு மேடு சுத்தணும்னா இசுசு வி-கிராஸ் மாதிரி நாலு சக்கர இழுவை உள்ள டபுள் கேபின். ஐப்பசி மழையில தோட்டத்துப் பாதையில காலி பிக்கப் சிக்குறதுக்குக் காரணம், பின் சக்கரத்து மேல எடை இல்லாததுதான்.

கேம்பிங் ஆசை இருக்கிறவங்களுக்கும் அதே கழித்தல். 100 லிட்டர் தண்ணி 100 கிலோ. 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி சுமார் 30 கிலோ. 1,200 வாட்-அவர் இருந்தாலும் பாதிக்கு மேல எடுத்தா ஆயுசு குறையும். சராசரி 45 வாட் ஃப்ரிட்ஜ்னா 13 மணி நேரம். செலவு பண்ற வரிசை: முதல்ல டயர், பிரேக், அப்புறம் சரக்குக் கட்டுற பெல்ட், கடைசியா லைட், கேரியர். வண்டியோட அமைப்பையே மாத்துறதா இருந்தா ஆர்.டி.ஓ. அனுமதி வேணும்.

ஒண்ணு மட்டும் வேண்டாம்: லோடு வண்டி பின்னாடி நண்பர்களை ஏத்திக்கிட்டு குற்றாலம் போறது. சரக்கு வண்டியில சும்மா ஏறிப் போறவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லைன்னு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கு. விபத்துன்னா இழப்பீடு வண்டிக்காரர் குடும்பத்துத் தலையில விழும்.

லீவுக்கு ஊருக்குப் போறப்போ வீட்டு வண்டியோ சித்தப்பா வண்டியோ இருந்தா எடை மேடைக்கு ஓட்டிட்டுப் போங்க. காலியா ஒரு தடவை, லோடோட ஒரு தடவை, பின் சக்கரம் மட்டும் மேடையில நிக்க ஒரு தடவை. மூணு சீட்டையும் ஆர்.சி. பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு, அடுத்த லோடுக்கு எத்தனை மூட்டைன்னு முடிவு பண்ணுங்க.