புரோகிராம் எழுதும் முன்பே சோர்ந்து விடாதீர்கள்!

கல்லூரி முதலாண்டில், அப்பாவின் மளிகைக் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுத ஆசைப்பட்டேன். ஜாவா மொழிக்கான ஜேடிகே 8 தொகுப்பை இன்ஸ்டால் செய்தேன். நோட்பேடில் ஐந்து வரி எழுதி, கமாண்ட் பிராம்ப்டில் ‘ஜாவாசி’ கட்டளையை டைப் செய்தேன். அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்றது கம்ப்யூட்டர். மூன்று முறை அழித்து மீண்டும் இன்ஸ்டால் செய்தும் அதே பதில்தான். ‘நமக்கு இது வராது’ என்று ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

உண்மையில் என் புரோகிராமில் தவறே இல்லை. கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்று விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியலுக்கு ‘பாத்’ என்று பெயர். ஜாவாசி இருந்த ஃபோல்டரை நான் அதில் சேர்க்கவில்லை. அவ்வளவுதான்!

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், ஸ்டார்ட் மெனுவில் ‘எடிட் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் ஃபார் யுவர் அக்கவுன்ட்’ எனத் தேடித் திறங்கள். ‘பாத்’ வரியைத் தேர்ந்தெடுத்து எடிட், பிறகு நியூ கிளிக் செய்து, ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்து, திறந்த விண்டோக்கள் எல்லாவற்றிலும் ஓகே அழுத்துங்கள். கமாண்ட் பிராம்ப்டை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும்.

முதல் நாளே எதையும் இன்ஸ்டால் செய்யாமலும் தொடங்கலாம். குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரில் எஃப்12 கீயை அழுத்தி, கன்சோல் பகுதியில் 12*45 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 540 வரும். அது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் உங்கள் முதல் வரி! விடை கண்ணில் பட்டால் ஆர்வம் தானே வளரும்.

அந்த பில் புரோகிராமை நான் இரண்டாம் ஆண்டில்தான் முடித்தேன். நீங்கள் அந்த ஆறு மாதத்தை இழக்க வேண்டாம்.